ஏரிக்குள் இருக்கும் எங்கள் குடிநீர்க் கிணறு: யாரைச் சேர்த்துக்கொண்டு எப்படிக் காப்பாற்றுவது?

மூன்றாவது தெரு:

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே புறநகரில், ஒரு ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறோம். ஏரிக்குள் கரையோரமாக இரண்டு பெரிய வட்டக் கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீர்தான் மோட்டாரில் ஏறி மேல்நிலைத் தொட்டிக்குப் போய், பன்னிரண்டு தெருக்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் வருகிறது. முடிந்தவர்கள் கேன் வாங்குகிறார்கள். கடைசித் தெருவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் இதைத்தான் குடிக்கிறார்கள், இதில்தான் சமைக்கிறார்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தபோதுகூட எங்கள் கிணற்றில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. அன்றைக்கு லாரியை எதிர்பார்க்காத தெரு எங்கள் தெரு.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. போன மழையில் இருந்தே குழாயைத் திறந்ததும் முதல் இரண்டு குடத்தில் ஒரு வாடை வருகிறது. கடைசித் தெருவில் ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஒரு குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. ராத்திரி ஒன்றரை இரண்டு மணிக்கு செப்டிக் டேங்க் லாரி வந்து, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயில் கழிவைத் திறந்துவிட்டுப் போகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். காலையில் நானே போய்ப் பார்த்தேன். கால்வாய்க் கரையில் ஈர மண்ணில் டயர் தடம், அது முடிகிற இடத்தில் புல்லெல்லாம் சாம்பல் நிறமாகத் தரையோடு ஒட்டிக்கிடந்தது.

மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் ஏரி எங்களுடையது, கிணறு எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் கிணறும் மோட்டாரும் எங்கள் பொறுப்பு, கால்வாய் இல்லை என்றார்கள். நாங்கள் சங்கத்தில் எட்டு பேர், கையில் பதினான்காயிரம் ரூபாய். ஒருவர் கிணற்றைச் சுற்றி சுவர் எழுப்பலாம் என்கிறார், ஒருவர் கரையில் மரக்கன்று நடலாம் என்கிறார், ஒருவர் நேராகக் கேஸ் போடலாம் என்கிறார். எதில் தொடங்குவது, யார் யாரைச் சேர்ப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பம்ப் ஹவுஸ்:

அம்மா, முப்பது வருடம் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது முதல் வேலை இல்லை. கிணற்றுக்குத் தண்ணீர் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஊறித்தான் வருகிறது, சுவர் அதை நிறுத்தாது. முதலில் நடக்க வேண்டும். நான்கு பேர் ஒரு காலை நேரத்தில் கிணற்றில் தொடங்கி வரத்துக்கால்வாய் தொடங்கும் இடம் வரை நடந்து போய், பார்ப்பதையெல்லாம் ஒரு தாளில் வரையுங்கள். கிணற்றுச் சுவரில் எங்கே வெடிப்பு, வெளித்தண்ணீர் உள்ளே வழிகிறதா, மேல்மூடி இருக்கிறதா, ஆடு மாடு எங்கே இறங்குகிறது, எந்த வீட்டுக் குழாய் கால்வாயில் நீட்டிக்கொண்டிருக்கிறது, லாரி நிற்பதற்குத் தோதாக எந்த இடத்தில் கரை அகலமாக இருக்கிறது. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்பது பழைய கணக்கு. நம் புறநகரில் பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது உண்மையில் அடித்தளம் போடாமல் உறை இறக்கிய குழிதான், அது நிரம்பாமலே இருக்கிறது என்றால் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனால் லாரியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள்.

அடுத்தது பரிசோதனை. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து 400 என்று வந்தால் நல்ல தண்ணீர் என்று நிம்மதியாகிவிடுகிறோம். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், மலக்கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது ஈ-கோலை என்ற மலக்கிருமிக்கான சோதனையும் நைட்ரேட் அளவும். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ-கோலைகூட இருக்கக்கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுத் தரநிலை. நைட்ரேட் ஏறியிருந்தால் கழிவுக்குழியின் நீர் நெடுநாளாக ஊறி வருகிறது என்று சந்தேகப்படலாம். கிண்டி கிங் நிலையத்தில் தண்ணீர் பரிசோதனை செய்கிறார்கள், போவதற்கு முன் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டிலில், கையை உள்ளே விடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒன்று கிணற்றில், ஒன்று மேல்நிலைத் தொட்டியில், ஒன்று கடைசித் தெருக் குழாயில் எடுங்கள். மூன்றையும் ஒப்பிட்டால் அழுக்கு கிணற்றிலேயே சேர்கிறதா, வழியில் குழாய் உடைந்து சேர்கிறதா என்று பிடிபடும்.

அதுவரை கடைசித் தெரு வீடுகளில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். இதை இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

வேளச்சேரி 42:

லாரி நம்பரை வீடியோ எடுத்துப் போலீசில் கொடுங்கள். நாலு லாரியைப் பிடித்தால் ஐந்தாவது வராது. மற்றதெல்லாம் அப்புறம்.

டேங்க் லாரி அண்ணாச்சி:

நான் பதினாறு வருடமாக இந்த லாரிதான் ஓட்டுகிறேன். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி. மேலே தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கால்வாயில் திறந்துவிடுவது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கிறார்கள் என்று படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும். எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு, கொடுங்கையூர் என்று நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கம் புறநகரில் இருந்து ஒரு நடைக்குப் போய்வர டீசலும் நேரமும் ஆகும், வாசலில் வரிசை இருந்தால் இன்னும் போகும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஐந்து பேரிடம் விலை கேட்டு, இருப்பதிலேயே குறைவாகச் சொன்னவனைக் கூப்பிடுகிறார். அந்த விலையில் நிலையம் வரை போய்க் கொட்டினால் அவனுக்குக் கட்டாது. எங்கே கொட்டப்போகிறாய் என்று இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரே ஒரு அம்மாதான் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது கழிவுநீர் வண்டிக்கு உள்ளாட்சியில் உரிமம் வேண்டும், ஜிபிஎஸ் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் உங்கள் பன்னிரண்டு தெருவும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள்: உரிமம் உள்ள வண்டியைத்தான் கூப்பிடுவோம், நிலையத்தில் கொட்டியதற்கு ரசீது காட்டினால்தான் முழுப் பணம், அதற்குத் தகுந்த நியாயமான விலை இது. நூறு வீட்டு வேலை மொத்தமாகக் கிடைக்கும் என்றால் ஒழுங்காக ஓட்டுகிற வண்டிக்காரர்கள் நிச்சயம் வருவார்கள். இரவில் திருட்டுத்தனமாக வருகிற வண்டி எது என்று எங்கள் ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கே தெரியும். கூட்டம் போட்டால் எங்களையும் கூப்பிடுங்கள் அம்மா. குற்றவாளி மாதிரி நிற்கவைத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், உட்காரவைத்துப் பேசினால் பேசுவார்கள்.

வேளச்சேரி 42:

அண்ணாச்சி, நான் கோபத்தில் எழுதிவிட்டேன். ரசீது யோசனை நல்ல யோசனை. எங்கள் அபார்ட்மென்டிலும் இதுவரை யாரும் கேட்டதில்லை, இந்த மாதக் கூட்டத்தில் வைக்கிறேன்.

மீஞ்சூர் மருமகள்:

அக்கா, நான் வடக்கே மீஞ்சூர் பக்கத்து ஊராட்சியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்பதே பெரிய சொத்து, அதை எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி என்று பல இடங்களில் கூட்டம் கூட்டமாக ஆழ்கிணறுகள் அமைத்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல வருடம் இறைத்தார்கள், விவசாயத்துக்கும் இறைத்தார்கள். மழை ஊறுவதைவிட இறைப்பது கூடுதலானதும் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக் கிணற்றில் பருப்பு வேகும். இப்போது அதே கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. 2010-இல் இங்கேயே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். எத்தனை பெரிய ஆலை வந்தாலும் கெட்டுப்போன கிணறு கெட்டதுதான், அதனால் அழுக்கோடு சேர்த்து அளவையும் கவனியுங்கள். உங்கள் கிணற்றுப் பக்கத்தில் யாராவது போர் போட்டு வியாபாரத்துக்கு லாரியில் தண்ணீர் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், மோட்டார் ஓடுவதற்கு முன் கயிற்றில் கல் கட்டி இறக்கிக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு வருட நோட்டு கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் பேசலாம்.

எங்கள் ஊராட்சியில் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள், அதில் நானும் ஒருத்தி. ஒரு பெட்டி நிறைய சின்னச் சின்னக் குப்பிகள். கிருமிக்கு ஒரு குப்பி உண்டு, குறி போட்ட அளவு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுப்பாக மாறினால் மலக்கிருமி இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் தடவை பள்ளிக்கூடத்துக் குழாயில் பிடித்த குப்பி மறுநாள் காலையில் மை ஊற்றிய மாதிரி கறுத்திருந்தது. அதை அப்படியே மார்ச் 22 கிராம சபைக்கு எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தேன். அதற்கு முன்னால் மூன்று மனு கொடுத்திருந்தோம், ஒன்றும் நகரவில்லை. குப்பியைப் பார்த்த அன்றைக்குத்தான் தொட்டியைக் கழுவ ஆள் வந்தது, உடைந்த குழாயைத் தோண்டி மாற்றினார்கள். அதனால் உங்கள் தெருவில் சுயஉதவிக் குழுப் பெண்கள் இருந்தால் அவர்களை முதலில் சேருங்கள் அக்கா. தண்ணீர் பிடிப்பவர்களும் அவர்கள்தான், குழந்தைக்கு வயிறு கெட்டால் ராத்திரி விழித்திருப்பவர்களும் அவர்கள்தான், வாடை வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

புலப்படம்:

மேலே எழுதியவர்கள் சொன்னதோடு நிலப் பதிவேட்டு வேலை ஒன்றைச் சேர்க்கிறேன். நில அளவை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன்.

உங்களை அலுவலகத்துக்கு அலுவலகம் அனுப்பியதற்குக் காரணம் மனுவில் புல எண், அதாவது சர்வே நம்பர், இல்லாததாக இருக்கலாம். ஏரி, கரை, வரத்துக்கால்வாய், கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்), போக்குக்கால்வாய் ஒவ்வொன்றுக்கும் தனிப் புல எண் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கிராமத்தின் ஏ பதிவேட்டிலும் (எந்த நிலம் யார் பெயரில் என்ற பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) பார்த்து, எது எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பம்ப் ஹவுஸ் ஐயா வரையச் சொன்ன நடைப் படத்தின் மேல் இந்த எண்களைப் போட்டால், எந்த எண்ணில் யார் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு பக்கத் தாள் கிடைத்துவிடும். அந்த ஒரே தாளை எல்லா அலுவலகத்துக்கும், ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியும்படி நகல் போட்டுக் கொடுங்கள். எங்களுடையது இல்லை என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். கால்வாயில் ஆக்கிரமிப்பு இருந்தால் அந்த ஏரி பொதுப்பணித் துறைப் பராமரிப்பில் வந்த ஏரியா என்று பாருங்கள், அப்படியானால் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும், அளந்து எல்லைக் கல் நடச் சொல்லிக் கேட்கலாம்.

நகரப் பகுதியில் கிராம சபைக்குப் பதிலாக வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன, 2022-இல் விதிகள் வந்தன. பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் தெருவிளக்குக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் கிணற்றுக்கான திட்டத்தைப் பகுதி சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வார்டு உறுப்பினரை அன்றைக்கு மேடையில் சந்திப்பதற்கு முன்னால் ஒரு முறை கிணற்றடிக்கு அழைத்துப் போங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

பெரிய திட்டமிடலிலும் உங்களுக்கு இடம் உண்டு. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கிற, சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) செங்குன்றம் ஏரியின் நீர்பிடிப்புப் பகுதிக்கும், தெற்கே கடற்கரையோர மணற்பாங்கான நீரூற்றுப் பகுதிக்கும் கட்டடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். குடிநீர் ஊறுகிற நிலம் என்று வரைபடத்தில் அடையாளம் காட்டினால் அங்கே எதைக் கட்டலாம் என்பதை மாற்ற முடியும் என்பதற்கு இது கண்முன் இருக்கிற முன்மாதிரி. அந்தத் திட்டத்தின் காலம் 2026 வரைதான், மூன்றாவது திட்டத்தில் உங்கள் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தையும் வரத்துக்கால்வாயையும் குறிக்கச் சொல்லிப் படத்தோடு எழுதுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரிசோதனை அறிக்கையும் தேதி போட்ட படங்களும் புல எண்ணும் இல்லாமல் போனால் ஒத்திவைப்பிலேயே வருடம் ஓடிவிடும், இந்த வேலையை முடித்துக்கொண்டு போங்கள்.

மரக்கன்று பற்றி ஒரு வார்த்தை. கரை மேலேயே நட்டால் வேர் இறங்கிக் கரை பலவீனமாகும் இடங்கள் உண்டு, பொறியாளரைக் கேட்காமல் நடாதீர்கள்.

மூன்றாவது தெரு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றே கடைசித் தெருவில் வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னோம். அங்கே ஒரு பாட்டி, கேஸ் சிலிண்டர் விலை தெரியுமா அம்மா, குடிக்கிற தண்ணீருக்கெல்லாம் எரிக்க முடியுமா என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இப்போதைக்குச் சங்கப் பணத்தில் அந்தத் தெருவுக்கு மட்டும் தினம் கேன் தண்ணீர் இறக்குகிறோம், மூன்று வாரம் தாங்கும்.

சுயஉதவிக் குழுவில் ஆறு பேர் வருகிறோம் என்றார்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரும் தானாகவே வந்து சேர்ந்தார், போன மாதம் மீன் செத்து மிதந்ததை அவர்தான் சொன்னார், எங்களுக்குத் தெரியவே தெரியாது. அண்ணாச்சி, உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், வருகிற வாரம் ரசீது விஷயத்தை வைத்துத்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நடக்கிறோம்.

ஐயா, ஒரு சந்தேகம். மோட்டார் ஓட்டும் தம்பி, கிணற்றில் இப்போதே பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாம் என்கிறார். எவ்வளவு போடுவது? அவர் ஒரு மூட்டையை அப்படியே கொட்டலாம் என்று நினைக்கிறார்.

பம்ப் ஹவுஸ்:

மூட்டையைக் கொட்டவே கூடாது. நல்ல தரமான பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு சுமார் இரண்டரை கிராம். கிணற்றின் குறுக்களவையும் தண்ணீர் ஆழத்தையும் மீட்டரில் அளந்து சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். உதாரணமாகக் குறுக்களவு 6 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்றால் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் லிட்டர், அதற்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும். தண்ணீர் கலங்கலாகவோ அழுக்காகவோ இருந்தால் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும், அப்போது கூட்ட வேண்டியிருக்கும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார். பிறகு கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அதை அளக்கும் குளோரோஸ்கோப் பழைய நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, வாங்கி வருகிறேன்.

ஆனால் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்து முடித்த பிறகுதான். முன்னாலேயே போட்டால் கிருமி செத்துப்போய், தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்துவிடும், அப்புறம் அந்த அறிக்கையை வைத்தே உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். தம்பியிடம் என் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி நான் கொண்டுவருகிறேன். ஆறு மணிக்குக் கலங்கல் பக்கம் நிற்பேன்.